ஒரு தாளில் ஒரு விஷயம்



முதல் புத்தகத்தில் எழுத்துகளைப் படித்தோம். இரண்டாம் புத்தகத்தில் சொற்களைக் கூட்டிப் படித்தோம். மூன்றாம் புத்தகம் முடிந்தபோது நாமே நாலு வரி எழுதினோம். இனி நமக்கு அதிகம் தேவைப்படுவது மனுவும் விண்ணப்பமும்தான். கூட்டத்தில் எழுந்து பேசவும் வேண்டியிருக்கும்.

எழுத்துக்கும் பேச்சுக்கும் ஒரே பழக்கம் வேண்டும். எடுத்த விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்க இது சுலபமாக இருக்கும். உட்கார்ந்து எழுதினால்தான் சிரமம் தெரியும்.

நான் பாடம் நடத்துவது கர்நாடகத்தில். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் ஒரு தொழிலாளர் குடியிருப்பு அது. வகுப்புக்கு வருபவர்கள் வீட்டு வேலை செய்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள். அதனால் இந்தப் பாடத்தில் வரும் மாதிரிகளும் அந்தப் பக்கத்து மாதிரிகள்தான். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு மனுவைப் படிப்போம்

இது பாடத்துக்காக எழுதிய மனு. வாய்விட்டுப் படியுங்கள்.

"தாசில்தார் ஐயா அவர்களுக்கு, வணக்கம். நான் மிகவும் ஏழை. என் கணவர் கட்டட வேலை செய்தார். சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அந்த மேஸ்திரி ஒரு பைசா தரவில்லை. என் மூத்த மகன் குடிக்கிறான். சம்பளத்தை வீட்டுக்குத் தருவதில்லை. எனக்கு வந்துகொண்டிருந்த விதவைப் பென்ஷன் இப்போது வரவில்லை. எங்கள் தெருச் சாக்கடை மூன்று மாதமாக அடைத்துக் கிடக்கிறது. கொசு கடித்துப் பேத்திக்குக் காய்ச்சல். ரேஷன் கடையில் அரிசி எடை குறைகிறது. பக்கத்து வீட்டுக்காரிக்கு மாடி வீடு இருக்கிறது, அவளுக்கும் ஏழை கார்டு கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் பிறகு வருவதில்லை. ஐயா அவர்கள் மனம் இரங்கி எனக்கு உதவி செய்ய வேண்டும்."

படித்து முடித்தீர்களா? இந்த அம்மா சொல்வதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே பெரிய கஷ்டம்தான். ஆனால் ஒரு கேள்வி. இந்த மனுவைக் கையில் வாங்கும் அதிகாரி என்ன செய்ய வேண்டும்?

வகுப்பில் இதைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "பென்ஷன் குடுக்கணும்" என்பார் ஒருவர். "சாக்கடையைச் சுத்தம் பண்ணணும்" என்பார் இன்னொருவர். "மேஸ்திரியைப் பிடிக்கணும்" என்பார் மூன்றாமவர். வகுப்புக்குள்ளேயே மூன்று பதில் வருகிறது. அதிகாரி மட்டும் எப்படிச் சரியாகப் புரிந்துகொள்வார்?

தாள் எங்கே போகிறது?

நாம் கொடுக்கும் மனு நேராகப் பெரிய அதிகாரியின் கைக்குப் போவதில்லை. முதலில் தபால் வாங்கும் இடத்துக்குப் போகும். அங்கே உள்ளவர் மேலோட்டமாகப் படிப்பார். எண் போடுவார். எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று குறிப்பார். பிறகு அந்தப் பிரிவின் மேசைக்குப் போகும்.

ஒரு தாள் ஒரு மேசைக்குத்தான் போகும். ஒரே தாள் நான்கு மேசைக்கு நடக்காது.

அந்த அம்மாவின் மனுவைப் பாருங்கள். பென்ஷன் விஷயம் தாலுகா ஆபீசில் ஒரு மேசை. சாக்கடை நகரசபை வேலை. ரேஷன் கடை உணவுத் துறையின் பொறுப்பு. வேலையில் இறந்ததற்கு நஷ்ட ஈடு தொழிலாளர் துறையில் கேட்க வேண்டும். மகன் குடிப்பதற்குத் தாசில்தார் ஒன்றும் செய்ய முடியாது.

தபால் வாங்கியவர் 'சாக்கடை' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நகரசபைக்கு அனுப்பினால் பென்ஷன் போச்சு. 'ரேஷன்' என்ற சொல்லைப் பார்த்து உணவுத் துறைக்கு அனுப்பினாலும் பென்ஷன் போச்சு. வேலை செய்ய மனம் இல்லாதவர் கையில் கிடைத்தால் இன்னும் வசதி. "இது எங்கள் ஆபீஸ் விஷயம் இல்லை" என்று எழுதித் திருப்பிவிடலாம். அதிலும் பொய் இல்லை. பாதி விஷயம் அவர் ஆபீசுடையது அல்லவே!

விட்டுப்போனது என்ன?

இப்போது இன்னொரு தடவை அந்த மனுவைப் படியுங்கள். இல்லாததைத் தேடுங்கள்.

பென்ஷன் எந்த மாதம் நின்றது? தெரியாது. பென்ஷன் உத்தரவு எண் என்ன? இல்லை. பணம் பேங்கில் வந்ததா, தபாலாபீசில் வந்ததா? இல்லை. கணக்கு எண்? அதுவும் இல்லை. அந்த அம்மா எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதுகூட இல்லை.

வேண்டாத வரிகள் வந்தால் தாள் வீணாகிறது, அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். தாள் வீணானால் பரவாயில்லை. நம் கவனமும் வீணாகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சாக்கடையையும் பக்கத்து வீட்டுக்காரியையும் எழுதிக்கொண்டிருக்கும்போது உத்தரவு எண் நினைவுக்கே வருவதில்லை. அந்த எண் இல்லாமல் அதிகாரி நினைத்தாலும் உதவ முடியாது.

அதே மனுவை மறுபடி எழுதுவோம்.

"பொருள்: விதவைப் பென்ஷன் நின்றுபோனது.

ஐயா, எனக்கு விதவைப் பென்ஷன் வழங்கப்பட்டு வந்தது. உத்தரவு எண் ______. பணம் ______ பேங்கில் என் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கணக்கு எண் ______. கடைசியாக ______ மாதம் பணம் வந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதமாக வரவில்லை. பேங்கில் கேட்டேன். பணம் வரவில்லை என்று சொன்னார்கள். பென்ஷன் நின்ற காரணத்தைத் தெரிவித்து, நிலுவையுடன் மறுபடி வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: பென்ஷன் உத்தரவு நகல், பாஸ் புத்தக நகல்.

பெயர், முகவரி, தேதி, கையொப்பம்."

இது குட்டி மனுதான். ஆனால் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறது. என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிகிறது. "எங்கள் விஷயம் இல்லை" என்று சொல்லித் தப்ப வழி இல்லை.

'பொருள்' என்று ஒரு வரி மேலே இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். அரசாங்கக் கடிதம் எல்லாவற்றிலும் அது இருக்கும். கன்னடக் கடிதத்தில் 'விஷய' என்று போடுவார்கள். இங்கே 'பொருள்' என்றால் சாமான் இல்லை. கடிதம் எதைப் பற்றியது என்பது. அந்த வரியை முதலில் எழுதுங்கள். மாட்டைக் கட்டும் முளைக்குச்சி மாதிரி அது. மாடு மேயலாம். ஆனால் கயிறு எட்டும் தூரம்தான் மேய வேண்டும்.

அப்படியானால் அந்தக் கஷ்டமெல்லாம் பொய்யா?

இந்த இடத்தில் வகுப்பில் சிலருக்குக் கோபம் வரும். "என் வீட்டுக்காரர் செத்தது வேண்டாத விஷயமா?" என்று ஓர் அக்கா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

வேண்டாத விஷயம் இல்லை அக்கா. இந்தத் தாளுக்கு வேண்டாத விஷயம். இரண்டும் ஒன்றில்லை. முதல்முதலாக விதவைப் பென்ஷன் கேட்டு விண்ணப்பம் போடும்போது கணவர் இறந்த தேதிதான் முக்கியம். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது. மேஸ்திரியிடம் நஷ்ட ஈடு கேட்கும்போது சாரத்திலிருந்து விழுந்ததுதான் முழு விஷயமே. ஆனால் பென்ஷன் வந்துகொண்டிருந்து நடுவில் நின்றதற்கு அந்தச் செய்தி உதவாது. ஒரு தாளில் உயிராக இருக்கும் வரி, இன்னொரு தாளில் பாரமாக இருக்கும்.

தொண்டர்களில் சிலர், வகுப்புக்கு வருபவர்கள் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினாலே "அதெல்லாம் வேண்டாம், விஷயத்துக்கு வாங்க" என்று வெட்டிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. முதலில் முழுவதையும் சொல்லட்டும். நாம் கேட்போம். பிறகு எத்தனை விஷயம் இருக்கிறது என்று சேர்ந்து எண்ணுவோம். அந்த அம்மாவின் மனுவில் எண்ணினால் நான்கு மனு இருக்கிறது. நான்கு தாள் எடுப்போம்.

எந்த வரி வேண்டும், எந்த வரி வேண்டாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் வகுப்பில் விரலால் கண்டுபிடிக்கிறோம். ஒரு வரியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். இந்த வரி இல்லாவிட்டால் நமக்கு வர வேண்டிய பதில் மாறுமா? மாறும் என்றால் வரி இருக்கட்டும். மாறாது என்றால் எடுத்துவிடலாம். 'நான் மிகவும் ஏழை' என்ற வரியை மறைத்துப் பாருங்கள். பாஸ் புத்தகக் கணக்கு எண்ணை மறைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

சட்டமே கேட்கிறது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அரசாங்க ஆபீசில் உள்ள பதிவுகளை நாம் கேட்டு வாங்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும்.

கர்நாடகத்தில் இந்தச் சட்டத்துக்கு 2008ஆம் ஆண்டு ஒரு விதி சேர்த்தார்கள். ஒரு விண்ணப்பம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். பொதுவாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று விஷயத்தைச் சேர்த்து எழுதினால், முதல் விஷயத்துக்கு மட்டும் பதில் கொடுத்துவிட்டு, மற்றதற்குத் தனி விண்ணப்பம் போடுங்கள் என்று அதிகாரி சொல்லலாம். மகாராஷ்டிரத்திலும் 2012இல் ஒரு விஷயம், 150 சொல் என்று விதி வந்தது. மத்திய அரசு ஆபீசுகளுக்கு 2012 விதிப்படி 500 சொல் வரை எழுதலாம். அங்கே சொல் கூடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது.

இந்த விதி நல்லதா, கெட்டதா என்று பேசலாம். புதிதாக எழுதப் பழகியவர்களுக்குச் சொல் கணக்கு ஒரு தடை என்று சிலர் சொல்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் விதி இருக்கும்வரை நாம் தெரிந்துகொள்வது நல்லது. பத்து ரூபாய்க் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நான்கு விஷயத்தை ஒரே தாளில் திணித்தால், மூன்று விஷயத்துக்குப் பதிலே வராமல் போகலாம். ஒரு மாதம் காத்திருந்த பிறகுதான் அது தெரியும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. அதற்கான சான்றின் நகலை இணைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தகவல் கேட்கும்போது ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அப்படியானால் நம் குடும்பக் கதை, கோபம், கெஞ்சல் எதுவும் அந்தத் தாளில் தேவையில்லை.

மனு போட்டும் பென்ஷன் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். தகவல் கேட்கும் விண்ணப்பம் இப்படி இருக்கலாம்.

"பொருள்: என் விதவைப் பென்ஷன் பற்றிய தகவல்.

1. என் பென்ஷன் (உத்தரவு எண் ______) எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது?
2. நிறுத்தச் சொன்ன உத்தரவின் நகல் தேவை.
3. ______ தேதியில் நான் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கையைக் காட்டும் பதிவின் நகல் தேவை."

மூன்று கேள்வி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். கேள்வி மூன்று, விஷயம் ஒன்று. "ஏழைகளை ஏன் இப்படி வாட்டுகிறீர்கள்?" என்று நாலாவது கேள்வி எழுதத் தோன்றும். கேள்வி நியாயம்தான். ஆனால் அதற்கு எந்தப் பீரோவிலும் ஃபைல் கிடையாது. ஃபைலில் இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் வாங்க முடியும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. இந்த விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்த மாநில ஆட்சிமொழியிலோ கொடுக்கலாம். கர்நாடகத்தில் அது கன்னடம். எங்கள் வகுப்பில் முதலில் தமிழில் எழுதிக்கொள்கிறோம். பிறகு கன்னடம் தெரிந்தவரிடம் மாற்றி எழுதச் சொல்கிறோம். குறைவாக எழுதினால் மாற்றுவதும் சுலபம். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கி எழுதித் தருபவரிடம் போனாலும் செலவு குறைவு. எழுதவே முடியாதவர் நேரில் போய் வாயால் சொல்லலாம். எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

ஒரே கோரிக்கை

இந்தச் சட்டம் தானாக வரவில்லை. ராஜஸ்தானில் கூலி வேலை செய்யும் மக்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது. அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1990இல் தொடங்கியது. அரசாங்கப் பணிகளில் வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால் "நீங்கள் செய்த வேலை குறைவு என்று ரெக்கார்டில் இருக்கிறது" என்றார்கள். ரெக்கார்டைக் காட்டுங்கள் என்றால் "அது ரகசியம்" என்றார்கள்.

அந்த மக்களுக்கு இருந்த குறைகள் கொஞ்சமா? வறட்சி, கடன், ரேஷன், சாதிக் கொடுமை என்று எத்தனையோ. ஆனால் அவர்கள் ரெக்கார்டு என்ற ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணைக் கூட்டம் நடந்தது. இந்தியில் 'ஜன் சுன்வாய்' என்பார்கள். அதைத் தொடர்ந்து வேறு ஊர்களிலும் நடந்தது. கூலிப் பட்டியலும் பில்லும் ஊர் நடுவே படிக்கப்பட்டன. பெயர் வாசிக்க வாசிக்க, அந்தந்த ஆள் எழுந்து உண்மையைச் சொன்னார். "என் பெயர் இருக்கு. ஆனா நான் அந்த வேலைக்கே போகலை." இப்படி ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. கேட்டது என்ன தெரியுமா? ஊர்ப் பணிகளின் செலவுக் கணக்கை மக்கள் நகல் எடுத்துக்கொள்ள உரிமை வேண்டும் என்பதுதான். 2000இல் ராஜஸ்தான் மாநிலச் சட்டம் வந்தது. 2005இல் மத்தியச் சட்டம் வந்தது.

கூட்டத்தில் பேசும்போது

எழுத்திலாவது விரலால் மறைத்துப் பார்க்கலாம். பேச்சில் அது முடியாது. வாயிலிருந்து வந்த சொல் வந்ததுதான். அதனால் கூட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

ஒரு தெருக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் விடும் நேரத்தை மாற்றச் சொல்லி நகரசபைக்கு எழுத வேண்டும். அதற்காகக் கூடியிருக்கிறார்கள். இருவர் அல்லது மூவர் சேர்ந்து இதை நடித்துப் பாருங்கள்.

பூக்கார அக்கா: தண்ணி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வருது. அதுவும் விடியக்காலை நாலு மணிக்கு. ஆறு மணிக்கு விடச் சொல்லணும்.

டீக்கடை அண்ணன்: அதெல்லாம் சரி. போன வருஷம் மோட்டாருக்கு நீங்க பங்குப் பணம் குடுத்தீங்களா?

பூக்கார அக்கா: மோட்டார் கணக்கையே யாரும் காட்டலையே. காட்டினா குடுக்கிறோம்.

பெரியவர்: கணக்குன்னா எல்லாத்துக்கும் காட்டணும். கோவில் திருவிழாக் கணக்கு எங்கே?

இன்னொருவர்: திருவிழாவைப் பத்தி நீ பேசாதே. நீ இந்தத் தெருவுக்கு வந்தே மூணு வருஷம்தான் ஆச்சு.

இதற்குமேல் எழுத வேண்டியதில்லை. சத்தம் வரும். கூட்டம் கலையும். தண்ணீர் மட்டும் நாலு மணிக்கே வந்துகொண்டிருக்கும்.

எந்த இடத்தில் பேச்சு நழுவியது? இரண்டாவது ஆள் வாய் திறந்ததுமே நழுவிவிட்டது. மோட்டார் கணக்கு பேச வேண்டிய விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நேரம் மாற்றக் கேட்பதற்கும் பங்குப் பணத்துக்கும் தொடர்பு கிடையாது. பூக்கார அக்கா என்ன சொல்லியிருக்கலாம்? "அண்ணே, மோட்டார் கணக்கைத் தனியா ஒரு நாள் பேசலாம். இப்ப நேரத்தைப் பத்தி உங்க கருத்து என்ன?" என்று கேட்டிருக்கலாம். சண்டையும் வராது, கயிறும் அறாது.

சிலர் தெரியாமல் பேச்சை மாற்றுகிறார்கள். சிலர் தெரிந்தே மாற்றுகிறார்கள். நாம் ஒரு கேள்வி கேட்போம். பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும். உடனே "நீ யார் கேட்க?" என்பார்கள். "முன்னே இருந்தவர் மட்டும் என்ன கிழித்தார்?" என்பார்கள். நாம் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அவர் பிழைத்துக்கொண்டார். பதில் சொல்லாதீர்கள். முதலில் கேட்ட கேள்வியை, அதே சொற்களில், கோபப்படாமல் இன்னொரு தடவை கேளுங்கள். எதிராளிக்கு இது கொஞ்சமும் பிடிக்காது.

நம் நாட்டு மக்களவையிலும் இதற்கு ஒரு விதி இருக்கிறது. 356ஆம் விதி. ஒரு உறுப்பினர் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டே போனாலோ, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலோ, சபாநாயகர் முதலில் அதைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். பிறகு பேச்சை நிறுத்தச் சொல்லலாம். எம்.பி.க்களுக்கே விதி தேவைப்படுகிறது என்றால் நம் தெருக் கூட்டத்தைச் சொல்வானேன்!

வாயை அடைக்கவும் இதைப் பயன்படுத்துவார்கள்

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். "விஷயத்தை மட்டும் பேசு" என்பது நல்ல சொல். ஆனால் அதையே கெட்ட காரியத்துக்கும் பயன்படுத்தலாம்.

அதே தண்ணீர்க் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அம்மா எழுந்து, "தெரு விளக்கு எரியலை" என்கிறார். தலைமை தாங்கும் ஐயா, "அம்மா, இது தண்ணிக் கூட்டம். விளக்கைப் பத்தி இங்கே பேசக் கூடாது. உட்காருங்க" என்கிறார். ஐயா சொல்வது சரியா?

பார்த்தால் சரிபோலத் தெரிகிறது. ஆனால் தண்ணீர் வருவது விடியற்காலை நாலு மணிக்கு. குழாய் இருப்பது தெரு முனையில். விளக்கில்லாத இருட்டில் பெண்கள் குடத்தோடு போக வேண்டும். நேரத்தை மாற்றச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் உண்டா? அந்த அம்மா விஷயத்தை விட்டு விலகவில்லை. விஷயத்தின் நடுவிலேயே நின்று பேசியிருக்கிறார். தண்ணீர் பிடிக்கப் போகாதவர்களுக்கு அது தெரியாது.

அதனால் தலைமை தாங்குபவர் யாரையும் உட்காரச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இதுக்கும் நாம பேசுறதுக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் சொல்லுங்கம்மா." சம்பந்தம் இருந்தால் சொல்வார். இல்லாவிட்டால் அவரே "அப்புறம் பேசறேன்" என்று உட்கார்ந்துவிடுவார். அதிகம் பேசிப் பழகாத பெண்களும் வயதானவர்களும் சுற்றித்தான் விஷயத்துக்கு வருவார்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?

கரும்பலகையின் மூலை

எங்கள் மையத்தில் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். 'பிறகு பேச வேண்டியவை' என்று மேலே எழுதியிருக்கும். பேச்சில் வேறு விஷயம் வந்தால் யாராவது எழுந்து போய் அந்தக் கட்டத்தில் எழுதுவார்கள். மோட்டார் கணக்கு. திருவிழாக் கணக்கு. விளக்கு. சொன்னவருக்கும் திருப்தி. தன் பேச்சு காற்றில் போகவில்லை என்று தெரிகிறது. எழுதிப் பழகவும் ஒரு வாய்ப்பு. கரும்பலகை இல்லாவிட்டால் பழைய காலண்டரின் பின்பக்கம் போதும்.

ஒரு நிபந்தனை. அடுத்த கூட்டத்தில் அந்தக் கட்டத்தை முதலில் படிக்க வேண்டும். படிக்காமல் அழித்துவிட்டால் யாரும் மறுபடி அதை நம்ப மாட்டார்கள்.

மகளிர் குழுவில் இருக்கும் அக்காமார்களுக்குத் தீர்மானப் புத்தகம் தெரியும். அதிலும் இதே பழக்கம் நல்லது. ஒரு தீர்மானத்துக்கு ஒரு எண். கடன் கொடுத்தது ஒரு தீர்மானம். சந்தா கட்டாதவர் பற்றியது இன்னொன்று. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால், ஆறு மாதம் கழித்துக் கடன் விஷயத்தைத் தேடும்போது கிடைக்காது. யார் என்ன திட்டினார், யார் அழுதார் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் வேண்டாம். என்ன முடிவு, எவ்வளவு தொகை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். இவ்வளவு போதும்.

எழுதிப் பார்ப்போம்

1. முதலில் படித்த நீண்ட மனுவை மறுபடி எடுங்கள். பென்ஷனை விட்டுவிடுங்கள். சாக்கடையைப் பற்றி மட்டும் நகரசபைக்கு ஒரு மனு எழுதுங்கள். 'பொருள்' வரியை முதலில் எழுதுங்கள். பேத்தியின் காய்ச்சல் இந்த மனுவில் வரலாமா? விரலால் மறைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே முடிவு வர வேண்டும் என்பதில்லை.

2. கீழே உள்ள வரிகளில், ரேஷன் கடையில் எடை குறைவது பற்றிய மனுவுக்கு எவை வேண்டும்? வேண்டாதவற்றை அடியுங்கள்.

கடை எண் ______.
கடைக்காரர் எப்போதும் சிடுசிடுப்பார்.
______ தேதியில் 10 கிலோ அரிசிக்குப் பில் போட்டார்கள்.
வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் நிறுத்துப் பார்த்தபோது 9 கிலோ இருந்தது.
என் ரேஷன் கார்டு எண் ______.
பக்கத்து வீட்டுக்காரிக்கு மாடி வீடு இருக்கிறது.
பில் நகல் இணைத்திருக்கிறேன்.

3. உங்கள் ஊரில் தீராத குறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆபீஸ், எந்த மேசை என்று விசாரித்து வாருங்கள். அடுத்த வகுப்புக்கு 150 சொல்லுக்குள் எழுதி வாருங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, "இதைப் படிச்சா நான் என்ன கேக்கிறேன்னு தெரியுதா?" என்று கேளுங்கள். அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் தபாலில் சேர்க்கலாம்.